முப்பதுக்கு இருபத்தொன்பது

அண்ணா, வரிசையோட வால் இங்க இருக்குங்க. அங்க மரத்தடியில நிக்கிறவங்க எல்லாம் வாங்கித் தின்னுட்டு கை துடைக்க இடம் தேடறவங்க. நீங்க எனக்கு முன்னால நில்லுங்க. அட, பரவாயில்லீங்க, நான் வாங்கப் போறதில்ல. வாங்க முடியாது. ஏன்னு சொல்றேன். உங்களுக்கு முன்னால பதினாலு பேர் இருக்காங்க, சாவகாசமாவே சொல்லலாம்.

வெளியூருங்களா? பண்ணையில மோட்டார் பார்க்க வந்தீங்களா? சரிதான், நாமக்கல்லுக்கு வர்றவங்க ஒண்ணு கோழிக்காக வரணும், இல்ல பிள்ளையை ஹாஸ்டல்ல சேர்க்க வரணும். தஞ்சாவூர்ப் பக்கம்னு நான் கேட்காமலே கண்டுபிடிச்சேன் பாருங்க. ‘பர்கர் கடை இதுதானா தம்பி’ன்னு கேட்டீங்களே, அந்தத் ‘தம்பி’யில ஒரு இழுவை இருந்தது. குரல் விஷயத்துல எனக்குத் தப்பாது.

‘மூணு கடி’ பார்த்திருக்கீங்களா? வீடியோண்ணா, என்னோட சேனல். பார்த்ததில்லையா? பதினோரு லட்சம் பேர் பார்த்தது! இல்லல்ல, கோபமில்லீங்க. பார்க்காத ஒரு ஆளைத்தான் நாலு நாளா தேடிட்டிருக்கேன்.

என் பேரு கிருத்திக், பிளஸ் டூ. ஆனா ஸ்கூல்ல வந்து கிருத்திக்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ‘டப்பிங்’னு கேளுங்க, வாட்ச்மேனே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவார். யார் பேசினாலும் ரெண்டு நிமிஷம் கேட்டாப் போதும், அப்படியே பேசிடுவேன். ஒரு நாள் வானம் கொஞ்சம் இருட்டிச்சு. மைக் ரூம் திறந்து கிடந்தது. ஹெட்மாஸ்டர் குரல்ல, “மாணவச் செல்வங்களே, மழை அறிகுறி இருப்பதால், ம்ஹ்ம், பிற்பகல் விடுமுறை”ன்னு சொன்னேன். மூணு பஸ் கிளம்பிப் போயிடுச்சு. ஹெட்மாஸ்டரே டிபன் பாக்ஸைப் பையில வச்சுட்டு, அப்புறம்தான் யோசிச்சாராம், நாம எப்ப லீவு விட்டோம்னு.

வீட்லயும் அப்படித்தான். எங்கம்மா போன் வந்தா மொட்டைமாடிக்குப் போயிடுவாங்க. அப்பா என்கிட்ட ஆமா, இல்லன்னு ரெண்டே வார்த்தைதான். வீடு கம்முனு இருக்கும், படிக்க நல்ல வசதி.

ரெண்டு அடி முன்னால போங்க.

ஜூன்ல ஸ்கூல் திறந்த வாரம் மோனிஷ் சொன்னான். மோனிஷ் என் கிளாஸ், போனைப் பிடிச்சு வீடியோ எடுக்கறவன். “டேய், ஊர்ல மூணு பர்கர் இருக்கு. எது நல்ல பர்கர்னு ஒருத்தனும் சொன்னதில்ல. நாம சொல்லலாம்டா”ன்னான். சுவைக்குப் பத்து, விலைக்குப் பத்து, தரத்துக்குப் பத்து. ஆனா நான் ஒண்ணு சேர்த்தேன். பர்கரே வாயைத் திறந்து தன்னைப் பத்திப் பேசணும். எந்தக் கடை பர்கரோ அந்தக் கடைக்காரங்க குரல்ல. அதுதான் சேனலோட தனித்தன்மை.

முதல்ல பைபாஸ்ல இருக்கிற கண்ணாடிக்கடை. பேர் சொல்ல மாட்டேன், கேஸ் போட்டா எங்கப்பாவுக்கு வக்கீல் யாரையும் தெரியாது. உள்ள போனதும் தொப்பி போட்ட ஒருத்தர், “குட் ஈவ்னிங் சார், சீஸ் சேர்த்துக்கலாமா சார், கூட கூல்ட்ரிங்ஸ் வச்சுக்கலாமா சார், பெருசாக்கிடலாமா சார்?” ஒவ்வொரு ‘சார்’க்கும் முப்பது ரூபா ஏறுது. ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியும் நூத்தித் தொண்ணூத்தொம்பது. சுவத்துல மாட்டின படத்துல நம்ம மலைக்கோட்டை உசரத்துக்கு நிக்குது. பெட்டியைத் திறந்தா, யாரோ அது மேல உட்கார்ந்து எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. சுத்தம்னு பார்த்தா சுத்தம்தான், பொய் சொல்லக்கூடாது. சுவை அஞ்சு, விலை மூணு, தரம் எட்டு.

ரெண்டாவது பஸ் ஸ்டாண்ட் பேக்கரி. எழுபத்தஞ்சு ரூபா. கண்ணாடிக்குள்ள பப்ஸுக்குப் பக்கத்துல கவுந்து படுத்திருக்கும். அங்க இருக்கிற மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே பேசுவார். “சூடு பண்ணித் தரட்டா... காலைலதான் வந்துது...” எந்தக் காலைன்னு நாம கேட்கக் கூடாது. பன்னு இனிப்பு, உள்ள இருக்கிற கறியும் இனிப்பு. பிறந்தநாள் கேக்குக்குள்ள கோழி விழுந்துட்ட மாதிரி. அஞ்சு, ஆறு, ரெண்டு.

தரம்னா சும்மா நாக்குல வச்சுப் பார்த்துச் சொல்லலீங்க. கறி வட்டத்தைத் தனியா எடுத்து மளிகைக்கடை மாமாகிட்டப் போய் நிறுத்துப் பார்த்தோம். பேக்கரியோடது நாப்பத்தெட்டு கிராம், கண்ணாடிக்கடை அறுபத்திரெண்டு. மூணாவதை வச்சு எடுக்கறதுக்குள்ள மாமா பார்த்துட்டார். “அடேய், கடலைப்பருப்பு நிறுக்கிற தராசுல கறியை வைக்கறீங்களா? நாளைக்குப் பிரதோஷம்டா!” அதையும் அவர் குரல்லயே வீடியோவுல சேர்த்துட்டேன். இப்ப மாமா நான் போனா, பாக்கெட்டை எடுத்து வச்சுட்டு விலையைக் கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டறார்.

மூணாவது எண்பத்தஞ்சு கிராம். அது இந்தக் கடையோடதுங்க. ஜெசிந்தா அக்கா.

எட்டிப் பாருங்க, பச்சைச் சேலை. என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க, சாதாரணமாப் பாருங்க.

அக்காவுக்கு நாகர்கோவில். கல்யாணமாகி இங்க வந்து பன்னெண்டு வருஷமாச்சு, பேச்சு மட்டும் வரவே இல்ல, அங்கயே இருக்கு. யாரா இருந்தாலும் ‘மக்ளே’தான். கலெக்டர் வந்தாலும் மக்ளே. அதுல கடைசி ‘ளே’ ஏணி ஏறி நிக்கும். இன்னொண்ணு, மேல்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. ‘ச’ வர்ற இடத்துல எல்லாம் சின்னதா ஒரு விசில். குருவி மாதிரி.

இந்தக் கடையில பர்கர் கேட்டா உடனே வராது. மூணு கேள்வி வரும். “மத்தியானம் சோறா, சப்பாத்தியா மக்ளே? பல்லு ஏதும் கூசுமா? வீட்டுக்குப் போறியா, டியூசனுக்கா?” அவ்வளவுக்கும் விசில்! சோறுன்னா மயோனைஸ் கொஞ்சம்தான், கோஸ் நிறைய. பல்லு கூசும்னா பன்னைக் கல்லுல போடாம மூடி வச்சு ஆவியில சூடு பண்ணுவாங்க. டியூசன்னா வெங்காயம் கிடையாது, “பக்கத்துல இருக்க பிள்ள ஓடீராதா?”ன்னுவாங்க. பத்துப் பேர் நின்னா பத்தும் வேற வேற பர்கர். அறுபது ரூபாதான். சுவை பத்து, விலை பத்து, தரம் ஒன்பது. அந்த ஒண்ணு ஏன் குறைச்சேன்னா, சுத்தித் தர்ற பேப்பர் எண்ணெயைக் குடிச்சுடுது. நான் நியாயஸ்தன்.

முப்பதுக்கு இருபத்தொன்பது! ஊர்ல முதல் இடம்! மனசுல வச்சுக்குங்க, அப்புறம் நியாயம் கேட்பேன்.

வீடியோவுல அக்கா பர்கர் பேசுது: “என்னத் தின்னு பாரு மக்ளே-ஏ! பல்லு கூசுமா? சோறா, சப்பாத்தியா?” விசிலை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கிட்டேன். கொஞ்சம்தான். மோனிஷ் சிரிச்சதுல படமே ஆடுது. கண்ணாடிக்கடைக்காரனையும் யாரும் கண்டுக்கல, பேக்கரியையும் கண்டுக்கல. பதினோரு லட்சமும் அந்த விசிலுக்கு வந்தது.

மறுநாள் அக்காவே போனை நீட்டினாங்க. “இது நீயா மக்ளே செஞ்ச? நான் இப்படியா பேசுகேன்?” சிரிச்சாங்க. காசு வாங்காம ஒரு பர்கர் தந்தாங்க. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டு, “நான் இப்படியா பேசுகேன்?”னு மறுபடியும் கேட்டாங்க. ரெண்டாவது தடவை எதுக்குக் கேட்டாங்கன்னு தெரியல. அதான் சரியா வந்திருக்குன்னு சொன்னேனே.

கூட்டம்னா கூட்டம்ங்க! ஒரு நாளைக்கு நாப்பது பர்கர் வித்த கடையில இருநூறு. எருமப்பட்டியில இருந்து காலேஜ் பசங்க வண்டியில மூணு மூணு பேரா வர்றாங்க. அக்கா வாயைத் திறக்கறதுக்குள்ள வரிசையே சேர்ந்து கத்தும்: “சோறா சப்பாத்தியா மக்ளே-ஏ!” அப்புறம் எல்லாரும் விசில். அதோ கேட்டீங்களா, அந்த நீலச்சட்டை இப்ப அடிச்சானே? சுருதி தப்பு. அது பல்லுல இருந்து வரணும், இவன் உதட்டுல அடிக்கறான். என் கலையைக் கெடுக்கறாங்க.

முன்னால போங்கண்ணா.

ஒரு வாரம் அக்கா எல்லார்கூடவும் சிரிச்சாங்க. அப்புறம் சேலைத் தலைப்பை வாய்க்குக் குறுக்க வச்சுட்டுப் பேசினாங்க. அப்புறம் என்ன செஞ்சாங்க தெரியுமா? எங்க பாஷையில பேசினாங்க! “சாப்டீங்ளா, வேணுங்ளா”ன்னு, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின மாதிரி, தப்புத் தப்பா. வந்தவங்க ஏமாந்து போய், “அக்கா, பழையபடி பேசுங்கக்கா”ன்னு கெஞ்சினாங்க. ரசிகர்களை மதிக்கணும் இல்லீங்களா?

அவங்க வீட்டுக்காரர் குவைத்ல டிரைவர். அருள்தாஸ்னு பேரு. தினம் சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கூப்பிடுவார். அக்கா கையில மாவா இருக்கும், அதனால ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. எனக்கு அவர் குரலும் அத்துப்படி. ஒரு நாள் அவர் சொன்னார், “ஜெசி, இங்க ரூம்ல எல்லாவனும் உன்ன மாதிரி பேசிக் காட்டுகானுவ. சிரிச்சு சாவுகானுவ.” எனக்கு உடம்பே புல்லரிச்சுடுச்சு. குவைத் வரைக்கும்! அக்கா கையைத் துடைச்சுட்டு ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டாங்க. அப்புறம் அவர் கூப்பிட்டா ‘ம்’, ‘ம்ம்’. அவ்வளவுதான்.

எனக்கு மனசு கேட்கல. நம்மால பேர் வாங்கினவங்க இப்படி உம்முனு இருந்தா எப்படி? சிரிக்க வைக்கணும்னு முடிவு பண்ணினேன். நல்ல எண்ணம்தானுங்க.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப, அதோ அந்த ஏடிஎம் படியில உட்கார்ந்து நான் கூப்பிட்டேன். அருள்தாஸ் அண்ணன் குரல்ல. குவைத்ல இருந்து வந்தா நம்பர் கன்னாபின்னான்னு வரும், அக்கா நம்பரே பார்க்கறதில்ல. “ஜெசி, லீவு கிடைச்சிட்டு. வாற ஞாயித்துக்கிழமை வாறேன்.”

அக்கா அடுப்பைத் தணிச்சாங்க. அப்புறம், “உள்ளதா?”ன்னாங்க. அவங்க பேச்சுல நிஜமாவான்னு அர்த்தம்.

“உள்ளதுதான்டி.”

அடேங்கப்பா! ஒரு மாசமாப் பேசாத பேச்சு எல்லாம் கொட்டிச்சு. கூரையில ஓடு மாத்தினது, நெய்மீன் வாங்கி வைக்கறேன்னது, யார் யாருக்கோ என்னென்ன வாங்கிட்டு வரணும்னது. விசில் மேல விசில். படியில இருந்து பார்க்கறேன், தலைப்பு தோள்ல கிடக்கு, பெரிய சிரிப்பு. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அப்பத்தான் அக்கா சொன்னாங்க, “ஒரு காரியம், கோவிக்கக் கூடாது. பல் டாக்டர்கிட்டக் கேட்டிருக்கேன். அந்தச் சந்தை அடைச்சிரலாமாம். நீங்க வாறதுக்குள்ள அடைச்சிருகேன். பொறவு உங்க ரூம்ல யாரும் சிரிக்க மாட்டாவ.”

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. யோசிச்சுப் பாருங்க, சந்தை அடைச்சா விசில் போச்சு. விசில் போனா சேனல் என்னாகும்? பதறிப் போய் என்னை அறியாமக் கத்திட்டேன்: “அக்கா, அடைச்சுடாதீங்கக்கா! நான்தான் கிருத்திக்!”

சாலைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அக்கா. போனைக் காதுல இருந்து எடுக்கவே இல்ல. தலைப்பை எடுத்து வாய்க்குக் குறுக்க வச்சுட்டு, “செரி மக்ளே”ன்னாங்க. அந்தச் ‘செ’யில விசிலே வரல. எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல, வீட்ல நூறு தடவை சொல்லிப் பார்த்துட்டேன்.

அஞ்சு மணிக்கு நிஜ அருள்தாஸ் கூப்பிட்டார். அக்கா கட் பண்ணினாங்க. மறுபடியும் கூப்பிட்டார், கட் பண்ணினாங்க. நாலு தடவை. பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து ஒருத்தர் ஆசையாக் கூப்பிடறார், எடுத்துப் பேச வேண்டாமா? எனக்கே வருத்தமா இருந்தது. இப்ப மெசேஜ்தானாம் ரெண்டு பேருக்கும். குரல் வந்தா நம்பறதில்லையாம்.

மறுநாள் அந்தப் பலகை வந்துடுச்சு. தெரியுதுங்களா? ‘1 சிக்கன் 60, 2 முட்டை 45, 3 காய் 40. நம்பரை விரலில் காட்டவும்.’ ஜெசிந்தா அக்கா கடையில விரல்! நான் போய் நின்னா துணியை எடுத்துக் கல்லைத் துடைப்பாங்க. நான் போற வரைக்கும் துடைப்பாங்க. திட்டவும் மாட்டாங்க. ஒரு திட்டு திட்டியிருந்தாக்கூட அதை வச்சு ஒரு வீடியோ போட்டிருப்பேன். கடைசியில ‘நான்தான்’னு உண்மையைச் சொன்னவன் நான். சொல்லாமயே விட்டிருந்தா ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுல போய் நின்னிருப்பாங்க இல்ல? அதுக்கு ஒரு நன்றி கூட இல்லீங்க.

சரி, அதை விடுங்க. தரம் போச்சே, அதைத்தான் என்னால தாங்க முடியல. போன வாரம் மோனிஷை அனுப்பி வாங்கித் தின்னு பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே பர்கர். ஒரே மயோனைஸ், ஒரே வெங்காயம், ஒரே சூடு. மோனிஷுக்குப் பல்வலி, பன்னு கல்லு மாதிரி குத்திச்சுன்னான். கண்ணாடிக்கடைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க? சுவை ஆறுக்கு மேல போட முடியாது. பேர் வந்ததும் அக்காவுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு. நான் தூக்கி விட்ட கடை, மூணே மாசத்துல இப்படி.

இன்னும் நாலு பேர்தான். இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டாவது வீடியோ போடணும், ஜனங்க கேட்கறாங்க. பழைய மூணு கேள்வியையே எத்தனை நாளைக்குப் பேசறது? அக்கா புதுசா நாலு வார்த்தை பேசினாத்தான் எனக்குச் சரக்கு. நீங்க வெளியூரு. வீடியோ பார்க்கல. உங்களுக்குச் சிரிக்கிற முகமும் இல்ல, தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்டப் பேசுவாங்க. விரலைக் காட்டாதீங்க. “எனக்கு எது ஒத்துக்கும்னு நீங்களே பார்த்துப் போடுங்க”ன்னு சொல்லுங்க, போதும். இந்தாங்க, இது என் போன். சட்டைப் பையில போட்டுக்குங்க. பதிவு ஓடிட்டிருக்கு, நீங்க ஒண்ணும் தொட வேண்டாம். பர்கர் காசு நான் தர்றேன்.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? வாங்கிக்குங்க. ம், அப்படித்தான். போங்க, உங்க முறை வந்துடுச்சு. நான் அந்த வேன் பின்னால நிக்கிறேன்.

*

வந்துட்டீங்களா! எல்லாத்தையும் பார்த்தேன். பேசினாங்க! வாய் அசைஞ்சது, தலைப்பு தோள்ல இருந்தது. நீங்க ஏதோ சொன்னதுக்கு ஒரு தடவை சிரிக்கக்கூடச் சிரிச்சாங்க. எத்தனை நிமிஷம்! பின்னால நீலச்சட்டை கத்தினான், அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ஒண்ணுமே கேட்கல எனக்கு, வேன்காரன் ஹாரன் வேற. போனைக் குடுங்க, குடுங்க.

என்னண்ணா இது, பதிவே இல்லையே? நான் குடுத்த நிமிஷத்துலயே நின்னிருக்கு. கை பட்டிருக்கும். சே, பையில போடறப்ப பட்டிருக்கும். விடுங்க, உங்க தப்பில்ல.

பர்கரைக் குடுங்க, ஒரு கடி கடிச்சுட்டுத் தர்றேன்.

ம்.

ம்ம்... அண்ணா. கோஸ் நிறைய இருக்கு. மயோனைஸ் இருக்கிறதே தெரியல. பன்னு ஆவியில வெந்திருக்கு. மத்தியானம் நல்லா சோறு சாப்டிருக்கீங்க. பல்லு கூசுதா உங்களுக்கு? கூசுது, அதைச் சொல்லியிருக்கீங்க. வெங்காயம் மட்டும் இருக்கு, அப்ப இங்கிருந்து யாரும் பக்கத்துல இல்லாத ரூமுக்குத்தான் போறீங்க. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க! பத்துண்ணா. சுவை பத்துக்குப் பத்து. அப்ப கடை கெட்டுப் போகல, எனக்குத்தான் தர்றதில்ல. அநியாயம் பாருங்க. சேனல் வச்சிருக்கிறவன் நான், பர்கர் உங்களுக்கு!

என்ன பேசினாங்க? எதுக்குச் சிரிச்சாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க, விசில் எங்க எங்க வந்ததுன்னு மட்டும் காட்டுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்.

“கேட்டாங்க, சொன்னேன், அவ்வளவுதான் தம்பி.”

ஹா! எப்படி? அச்சு அசல் நீங்கதானே? இப்பச் சொன்னீங்களே, அதேதான். ‘அவ்வளவுதான்’ல ஒரு கரகரப்பு வருது பாருங்க, தொண்டையில மாட்டி விடுபடற மாதிரி. அப்புறம் ‘தம்பி’. ரெண்டு நிமிஷம்தான் கேட்டேன், வந்துடுச்சு. இன்னொரு தடவை சொல்லிக் காட்டட்டுங்களா? “பர்கர் கடை இதுதானா தம்பி?” உங்க வீட்ல இதைப் போன்ல கேட்டா சத்தியமா நீங்கன்னே நினைப்பாங்க.

எங்க கிளம்பிட்டீங்க? பர்கரை வாங்கிக்குங்க, உங்களோடதுதானே. அண்ணா, லாட்ஜுக்கு அந்த வழி இல்லீங்க. அண்ணா? நல்லாப் பேசிட்டிருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போங்கண்ணா.